மூன்றாவது தேர்வு

புது விமானங்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர் தேர்வில் ஜெஸ்லின் இரண்டு தடவை தோற்றிருந்தாள். இரண்டிலும் விமானம் தரையிறங்கும் நேரத்தில் பதறிப்போய்த் தானே கண்ட்ரோலைப் பிடித்துவிட்டாள்.

இன்று மூன்றாவது தேர்வு. பின் இருக்கையில் தேர்வாளர் காதர் உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடி ஓடுபாதை நெருங்கியதும் விமானம் பேசியது.

“பயமா இருக்குக்கா. நீங்களே எறக்கிருங்களேன்.”

ஜெஸ்லினின் கைகள் பரபரத்தன. அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“நான் கூடவேதான் இருக்கேன். நீயே எறங்கு. மூக்க மட்டும் கொஞ்சம் தூக்கிக்கோ.”

விமானம் துள்ளி, ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நேராக ஓடி நின்றது.

“இனி நீங்க டீச்சர்தான்மா,” என்றார் காதர். ஜெஸ்லினுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“அக்கா, இன்னொரு ரவுண்டு போலாமா?” என்று கேட்டது விமானம்.

காதர் கழற்றிய பெல்ட்டை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.