ஊசி போட்ட கோல்

சவலையாய்ப் பிறந்த வெள்ளாட்டுக் குட்டி மருதாணி வளர வேண்டும் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் மாதக்கணக்கில் ஊசி போட்டார். மெல்ல மெல்ல அதுவும் மற்ற ஆடுகளின் உயரத்துக்கு வந்து சேர்ந்தது.

அன்று மேய்ச்சல் காட்டில் பனங்காய்ப் பந்தாட்டம். எதிரணிக் கிடா கொம்பன் குறுக்கே வந்து மறித்தது. மருதாணி பந்தை அதன் கால்களுக்கு நடுவே தட்டிவிட்டு, சுற்றி ஓடி எடுத்து, இரண்டு பனைகளுக்கு இடையே கோல் அடித்தது.

"இது செல்லாது. கோல் போட்டது நீயில்லை, உன் ஊசி," என்றது கொம்பன். மற்ற ஆடுகளும் தலையாட்டின.

மருதாணிக்கு ஊசி போட்ட தொடை மறுபடி வலிப்பது போலிருந்தது. ஊசிக்கு முன்னால், 'குள்ளச்சிக்கு இங்கே இடமில்லை' என்று இதே கொம்பன் விரட்ட விரட்ட, எல்லா ஆடுகளின் வயிற்றுக்கடியிலும் புகுந்து பந்தைத் தட்டிப் பழகியது அது.

பந்தை உருட்டி வந்து கொம்பனின் காலடியில் வைத்தது.

"ஊசி என்னை உன் உயரத்துக்குத்தான் கொண்டுவந்தது, அண்ணே. நீ ஊசியில்லாமலே இந்த உயரம். கோல் அதோ இருக்கு. யாரும் மறிக்க மாட்டோம். அடி, பார்ப்போம்."

கொம்பன் பந்தைப் பார்த்தது. பனைகளைப் பார்த்தது. பிறகு, அந்தப் பக்கம் புல் நன்றாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே மேயப் போனது.