மஞ்சள் கோட்டுக்காரியின் ஓட்டு

கிளைவ் ஆர்மராட் கோட்டுப் பையை இன்னொரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார். உள்ளே இருக்கும் ஒரே ஒரு புகைப்படம் போதும், மாவட்ட கவுன்சில் மறுபடி அவர் கைக்கு வந்துவிடும்.

தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. கிளைவ் கட்சிக்கு முப்பத்தொன்று, எதிர்க்கட்சிகள் சேர்ந்து முப்பத்தொன்று. நடுவில் ஒரு சுயேச்சை: மாரீன் டெபட், பள்ளி வாசலில் நின்று பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவுகிறவள்.

எட்டு வருடம் தலைவராக இருந்தவர், போயும் போயும் இவளிடமா கையேந்துவது? ஆனாலும் ஆள் அனுப்பிக் கேட்டார். "அவருக்கு மட்டும் என் ஓட்டு கிடையாது" என்று பதில் வந்தது.

சரி, ஆளையே கவுன்சிலை விட்டு வெளியேற்றிவிடலாம். ஓட்டு சமமானால் முடிவு சொல்கிறவர் கூட்டத்தை நடத்துகிறவர்தான், அவர் கிளைவின் மைத்துனர்.

தலைவர் தேர்வுக்கு மணி அடித்ததும் கிளைவ் எழுந்தார். கவுன்சிலின் சட்ட அலுவலர் பார்கிட்டர் அம்மையாரைப் பார்த்துக் கேட்டார்.

"கவுன்சில்ல வேலை பாக்குறவங்க கவுன்சிலரா இருக்கக் கூடாது. சட்டம் அப்படித்தானே மேடம்?"

"ஆமா சார்."

"அப்ப இதப் பாருங்க. போன திங்கக்கிழமை எடுத்தது. பிள்ளைங்கள ரோடு தாண்டவைக்கிறது கவுன்சில் சம்பளம் குடுக்குற வேலை."

படத்தில் கொட்டும் மழை. மஞ்சள் கோட்டில் மாரீன், கையில் வண்டிகளை நிறுத்தும் வட்டப் பலகை.

"பலகையில எழுத்தப் பாருங்க, கோழி கிண்டுன மாதிரி. இவங்க மாவட்டத்த ஆளப் போறாங்களாம்."

அவர் பக்கத்து வரிசைகள் விழுந்து விழுந்து சிரித்தன. ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிலர் மேசையைத் தட்டினார்கள்.

"இது நீங்கதானாம்மா?" என்றார் பார்கிட்டர்.

"நான்தான். தினமும் நிக்கிறேன்" என்றாள் மாரீன்.

கிளைவ் கைகளை விரித்தார். "அவங்களே ஒத்துக்கிட்டாங்க. வீட்டுக்கு அனுப்புங்க, நமக்கு வேலை இருக்கு."

பார்கிட்டர் ஊழியர் பட்டியலை இரண்டு முறை புரட்டினார். "இதுல உங்க பேரே இல்லையேம்மா."

"எப்படி இருக்கும்? பிள்ளைங்க அடிபடக் கூடாதேன்னு சம்பளமில்லாம நிக்கிறேன்" என்ற மாரீன் கிளைவின் பக்கம் திரும்பினாள்.

"ஜனவரியில என்னை வேலைய விட்டுத் தூக்குனதே நீங்கதானே சார்?"