மோட்டார் ரூம் சாவி

“ஒரு மனுஷன் லிப்டுக்குள்ள மாட்டிக்கிட்டுத் தொண்டை கிழியக் கத்தறார். நீங்க என்னடான்னா சாவி காணோம்னு சாவகாசமா நிக்கறீங்களே சார்!”

மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரி பேன்ட் பாக்கெட்டைத் தடவினார். சட்டைப் பாக்கெட்டைத் தடவினார். மறுபடியும் பேன்ட் பாக்கெட்டுக்கே வந்தார்.

“இங்கதான்ப்பா எங்கயோ வச்சேன். இரு, மேல போய்த் தேடிப் பார்க்கறேன்.”

மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் லிப்ட் அந்தரத்தில் நின்றிருந்தது. மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் ரூமைத் திறந்தால்தான் அதை நகர்த்த முடியும். அந்தச் சாவியைத்தான் காணோமாம்.

இதில் கொடுமை என்னவென்றால், கம்பெனிக்குப் போன் செய்ததே உள்ளே மாட்டிக்கொண்டவர்தான். வெளியே இருந்த ஒரு ஜீவனுக்கும் அது தோன்றவில்லை.

“டேய் மெக்கானிக்!” உள்ளேயிருந்து குரல் இடித்தது. “நான் வெளிய வந்தேன்னா ஒருத்தனையும் சும்மா விடமாட்டேன்!”

“கொஞ்சம் பொறுத்துக்கங்க சார், இதோ எடுத்துடறேன்.”

மாட்டிக்கொண்டவன் கத்தத்தான் செய்வான். அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டால் இந்தத் தொழிலில் குப்பை கொட்ட முடியாது.

செகரட்டரியை நம்பிப் பிரயோஜனமில்லை, பூட்டை உடைத்துவிட வேண்டியதுதான். சுத்தியலை எடுத்துக்கொண்டு படியேறினான்.

நாலாவது மாடித் திருப்பத்தில், சாவி தேடப் போன செகரட்டரி பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். பின்னால் ஒரு பெண், முகத்தில் பாதியைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்தபடி ஒரு குழந்தை.

“வழி விடுப்பா, இவங்க அவசரமா ஊருக்குப் போறாங்க. கீழ கார் நிக்குது.”

“சாவி என்ன சார் ஆச்சு?”

“தேடணும், தேடணும்.”

லிப்டுக்குள்ளிருந்து மறுபடியும் சத்தம் வந்தது. பெரிய குழந்தை படியிலேயே நின்றுவிட்டது. “நீ வாடா கண்ணு,” என்று செகரட்டரி அதன் கையைப் பிடித்துக்கொண்டார்.

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான். ஓர் ஆள் அந்தரத்தில் தொங்குகிறான், இவருக்குப் பெட்டி தூக்கத்தான் நேரமிருக்கிறது. நாளைக்கு இவருக்கு ஒன்று என்றால் யார் ஓடி வருவார்கள்?

மோட்டார் ரூம் கதவில் சாய்ந்தபடி ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

“கொஞ்சம் நகருங்கம்மா. பூட்டை உடைக்கணும்.”

“உள்ள இருக்கறது என் பையன்ப்பா.”

மெக்கானிக்கின் கோபமெல்லாம் ஒரு நொடியில் வடிந்துவிட்டது. பெற்ற வயிறு என்ன பாடுபடும்!

“கவலையே படாதீங்கம்மா. பையனை பத்திரமா எடுத்துத் தர்றது என் பொறுப்பு.”

“உள்ள காத்து வருமா?”

“நல்லா வரும்மா. லைட்டும் பேட்டரியில எரியும்.”

“இன்னும் ரொம்ப நேரம் இருந்தாக்கூட ஒண்ணும் ஆகாதே?”

“ஒண்ணும் ஆகாது. கத்திக் கத்தித் தொண்டைதான் கட்டும்.”

அம்மா நிம்மதியாக மூச்சு விட்டார். ஆனால் அசையவில்லை.

“எந்திரிங்கம்மா.”

“முட்டி பிடிச்சுக்கிச்சு தம்பி. சித்த நேரம் பொறு.”

கீழே ஒரு கார் இரண்டு முறை ஹார்ன் அடித்தது. அவ்வளவுதான், முட்டிவலி போன இடம் தெரியவில்லை. அம்மா எழுந்து கைப்பிடிச் சுவரிடம் ஓடினார். கார் தெருமுனை திரும்பி மறையும்வரை பார்த்தார். பிறகு மெக்கானிக்கிடம் வந்து, இறுக்கி மூடியிருந்த கையை விரித்தார்.

உள்ளங்கையில் மோட்டார் ரூம் சாவி!

“சுவிட்சை அணைச்சது நான்தான்ப்பா.”

மெக்கானிக் ஓங்கத் தயாராக வைத்திருந்த சுத்தியலைத் தாழ்த்தினான்.

“இப்ப போனது என் மருமக. காலையில அவளை அடிச்சுப் போட்டுட்டு சிகரெட் வாங்க இறங்கினான். எங்க போனாலும் அஞ்சு நிமிஷத்துல திரும்பிடுவான். அதுக்குள்ள ரெண்டு பிள்ளைங்களோட அவ எங்க ஓடுவா? லிப்ட் கதவு மூடற சத்தம் கேட்டுச்சு. எங்க வீட்டுக்கு நேர் மேலதான் இந்த ரூம், அப்ப பூட்டாமத்தான் கிடந்துச்சு. நேரா ஏறி வந்துட்டேன்.”

“அப்ப செகரட்டரி சார்?”

“நேத்து வரைக்கும் குடும்ப விஷயம்னு ஒதுங்கிப் போன மனுஷன்தான். சுவிட்சை அணைச்ச கையோட அவளைக் கூட்டிட்டுப் போய் அவர் முன்னால நிறுத்தினேன். அவ மூஞ்சியைப் பார்த்தார். மோட்டார் ரூமைப் பூட்டி, சாவியை எங்கிட்டயே கொடுத்துட்டுப் பெட்டியைத் தூக்க வந்துட்டார். போலீஸுக்குப் போன் போட்டதும் அவர்தான். லிப்ட் வேற ஓடல, பாவம், போலீஸ்காரங்க படியேறித்தான் வரணும்.”

“பெத்த பிள்ளையை எப்படிம்மா...”

“இவன் அப்பன் என்னை அடிச்சப்போ, என் மாமியார் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தாங்க. இவன் அவளை அடிச்சப்போ நானும் அதையேதான் செஞ்சேன். இன்னிக்கும் கதவைச் சாத்தினேன் தம்பி. ஆனா அவன் மேல சாத்தினேன்.”

அழுதுகொண்டே சிரித்தார். அந்த முகத்தில் இப்போது பயமென்பதே இல்லை. சாவியை அவன் கையில் வைத்தார்.

மெக்கானிக்கின் செல்போன் அலறியது. கம்பெனியில் நம்பர் வாங்கி, லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவன்தான் கூப்பிட்டான்.

“என்னடா புடுங்கிட்டு இருக்கே அங்க? சாவி கிடைச்சுதா இல்லையா?”

மெக்கானிக் கையிலிருந்த சாவியைப் பார்த்தான். படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் ஏறி வர இன்னும் கொஞ்ச நேரமாகும் போலிருந்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, அந்த அம்மாவின் பக்கத்தில் சௌகரியமாக உட்கார்ந்தான்.

“இன்னும் இல்ல சார். நானும் சேர்ந்துதான் தேடிக்கிட்டிருக்கேன்.”