ஊரில் பத்து மணிக்கு

கைப்பேசியில் மணி பத்து ஐம்பது.

அவள் ஒன்றரை மணி நேரத்தைக் கழித்தாள். ஊரில் ஒன்பது இருபது.

பத்து மணிக்கு எடுக்கிறார்கள்.

முன்னால் ஈஸ்வரி ஏறிக்கொண்டிருந்தாள். ஈஸ்வரியின் அப்பாவைத்தான் எடுக்கப் போகிறார்கள். அந்த எரிமலையில் ஏறிக்கொண்டிருந்த அத்தனை மாணவர்களுக்கும் அது தெரியும். ஈஸ்வரிக்கு மட்டும் தெரியாது.

நேற்று மாலை அருப்புக்கோட்டையிலிருந்து ஈஸ்வரியின் சித்தப்பா, மாணவர்களைக் கூட்டிவந்திருந்த பாக்கியநாதன் சாருக்குப் போன் செய்திருந்தார்.

"நெஞ்சுவலின்னு படுத்தாரு சார், எங்கண்ணன். எந்திரிக்கல. நீங்க ஜாவாவுல இருந்து நாளன்னைக்குத்தான் கெளம்புறீகளாம். அதுவரைக்கும் வச்சிருக்கத் தோது இல்ல. புள்ளைகிட்டச் சொல்லிராதீக. கடல் தாண்டிக் கெடக்கு, ஒத்தையில அழுகும். வந்தப்புறம் நாங்க சொல்லிக்கிறோம்."

சார் சரி என்றுவிட்டார். மற்ற பிள்ளைகளிடம் மட்டும் சொல்லிவைத்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள்தான் இப்படி எதையாவது செய்துவைப்பார்கள்.

காலையில் பேருந்திலேயே எல்லோருடைய கைப்பேசிகளையும் வாங்கிப் பையில் போட்டுப் பூட்டினார். செல்ஃபி எடுக்கிறேன் என்று எவனாவது பள்ளத்தில் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று சத்தம் போட்டார். அவர் பயம் வேறு. ஊரில் யாராவது ஈஸ்வரி அப்பாவின் படத்தை மாலையோடு ஸ்டேட்டஸில் வைத்துவிட்டால்?

படம் எடுக்க ஒரே ஒரு கைப்பேசியை விட்டுவைத்தார். அது, பின்னால் மணி பார்த்துக்கொண்டு ஏறியவளுடையது. ஈஸ்வரியின் அறைத்தோழி அவள்தான். வாயைத் திறக்க மாட்டாள் என்று சார் நம்பினார்.

நேற்று இருவரும் ஒரே கட்டிலில் படுத்தார்கள். ஈஸ்வரி நன்றாகத் தூங்கினாள்.

கரிய சாம்பல் மண். ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்கியது. மேலே போகப் போகக் கந்தக நெடி தொண்டையை அறுத்தது.

நிலவியல் படிக்கிற கூட்டம். வழியில் ஒரு கல்லைக் கண்டால் நகராது. இன்று ஒருவரும் குனியவில்லை.

ஈஸ்வரியின் பையை ஒருவன் வாங்கிக்கொண்டான். தண்ணீரை இன்னொருத்தி கொடுத்தாள். வழக்கமாக அவளை 'குவாரி' என்று கூப்பிட்டுக் கடுப்பேற்றுகிறவன், முழுப்பெயரைச் சொல்லி, "அங்காளஈஸ்வரி, பாத்து வா" என்றான்.

ஈஸ்வரி சிரித்துவிட்டாள்.

"என்னடா, எரிமலையப் பாத்ததும் எல்லாரும் திருந்திட்டீங்களா?"

எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினார்கள். மூச்சு வாங்குகிறது போலும் என்று ஈஸ்வரி எடுத்துக்கொண்டாள்.

பதினொன்று பத்துக்கு உச்சிக்கு வந்தார்கள்.

கீழே பெரும் பள்ளம். அடியில் மஞ்சள் படிந்த பாறை. நடுவிலிருந்து வெள்ளைப் புகை நிற்காமல் வந்தது. ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததும் புத்தகத்தில் படித்ததும் கண்ணெதிரே இருந்தன. ஒருவர்கூட வியக்கவில்லை.

ஈஸ்வரி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் கோத்துவிட்டது. அவளுடைய அப்பாவுக்குக் கல்குவாரியில் வெடி வைக்கிற வேலை. அவர் வெடித்துப்போட்ட கற்களை அடுக்கி விளையாடித்தான் அவள் இந்தப் படிப்புக்கே வந்தாள்.

"எங்கப்பா ஆயுசுக்கும் வெடி வச்சாலும் இம்புட்டுப் பள்ளம் வராதுடி. போனைக் குடு. வீடியோ கால் போட்டுக் காட்டுறேன்."

கையை நீட்டினாள்.

தோழி சாரைப் பார்த்தாள். சார் மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம்.

சிக்னல் இல்லை என்று சொன்னால் போதும். அந்த ஒரு பொய் போதும். ஈஸ்வரி நம்பிவிடுவாள். எதைச் சொன்னாலும் நம்புகிறவள்.

திரையில் சிக்னல் கோடுகள் முழுசாக இருந்தன.

பதினொன்று பதினாறு. ஊரில் ஒன்பது நாற்பத்தாறு.

பத்து மணிக்கு அப்புறம் அந்த அப்பாவின் முகத்தை எந்தக் கைப்பேசியிலும் பார்க்க முடியாது. அது நினைவுக்கு வந்ததும் அவளுக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. சித்தப்பா மேல். சார் மேல். நேற்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு கூடவே படுத்து எழுந்த தன்மேல்தான் அதிகம்.

ஈஸ்வரியின் கையைப் பிடித்து விளிம்பிலிருந்து உள்ளே இழுத்தாள்.

"மொதல்ல உக்காரு."

"எதுக்குடி?"

"உக்காரு ஈஸ்வரி."

ஈஸ்வரி உட்காரவில்லை. தோழியின் முகத்தைப் பார்த்தாள். பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள். பையை வாங்கியவன், தண்ணீர் கொடுத்தவள், முழுப்பெயர் சொன்னவன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

தோழி சொன்னாள். நாலே வார்த்தை.

ஈஸ்வரி அழவில்லை. காற்று அவள் துப்பட்டாவை இழுத்துக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"எல்லாருக்கும் தெரியுமா?"

தோழி தலையசைத்தாள்.

"எத்தன மணிக்கு எடுக்குறாக?"

"பத்துக்கு."

"இப்ப அங்க மணி என்ன?"

"ஒம்போது அம்பது."

"போடு."

முன்பு ஈஸ்வரி இந்தப் போனில் பேசியிருந்த சித்தப்பாவின் எண்ணைத் தோழி தேடினாள். பட்டியலை மேலும் கீழும் தள்ளினாள்.

"இரு" என்றாள் ஈஸ்வரி.

குனிந்தாள். ஷூ நாடாவை அவிழ்த்தாள். ஒன்று. இரண்டு. காலுறைகளையும் கழற்றி ஓரமாக வைத்தாள். சூடான சரளைக் கல்லின்மேல் வெறுங்காலோடு நின்றாள்.

கூட ஏறிவந்த உள்ளூர் வழிகாட்டி பதறி ஓடிவந்து அவன் மொழியில் கத்தினான். பாதத்தைக் காட்டினான். கல்லைக் காட்டினான்.

அதற்குள் தோழியும் கழற்றிவிட்டாள். பையை வாங்கியவன் கழற்றினான். பிறகு ஒவ்வொருவராக. வழிகாட்டி கத்துவதை நிறுத்திவிட்டு வரிசையாகக் கிடந்த ஷூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எண் கிடைத்துவிட்டது. அழுத்த வேண்டியதுதான். ஊரில் ஒன்பது ஐம்பத்திரண்டு.

பாக்கியநாதன் சார் தள்ளி, ஒரு பாறையருகே முதுகைக் காட்டி நின்றிருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஈஸ்வரி அந்தப் பக்கம் பார்த்தாள்.

"சாரும் வரட்டும்" என்றாள்.