மூக்கை நம்பி

குதிரை எலும்பில் செய்த ஊசியை, உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையில் ஆழக் குத்தி உருவினாள், முகர்ந்து தரம் சொல்லும் சோதகர் மிலோய்கா. மூக்கருகே கொண்டுபோனாள். வழக்கம்போல் அவள் கண்கள் சரக்கின் சொந்தக்காரர் ஆல்பினின் முகத்திலேயே இருந்தன.

ஆல்பினுக்கு வியர்த்துக் கொட்டியது. வெளியே புர்யா என்னும் குளிர்ந்த வாடைக்காற்று ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது. உத்தரம் முழுக்க, அந்தக் காற்றிலேயே அவர் ஓராண்டாக உலர்த்திய தொடைகள். அவள் தலையசைத்தால் தோலில் கார்ஸ்ட் வட்டார முத்திரையைச் சூடு போடலாம். இல்லையென்றால் ஊர்ப் பெயரைச் சொல்லி விற்க முடியாது.

அடுத்தடுத்து எல்லாவற்றையும் குத்தினாள். அவருக்குக் கையும் உதறியது.

"என்னம்மா, வாயே திறக்க மாட்டேங்கிறீங்க?"

"எலும்புப் பக்கம் கெட்டுப்போச்சு ஆல்பின். எதுக்கும் முத்திரை கிடையாது."

ஆல்பின் உப்புப் பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நல்லவேளை, சொன்னீங்க. இன்னைக்கே எல்லாத்தையும் குழி தோண்டிப் புதைச்சிடறேன்."

"எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டீங்களா?"

"எதை வச்சும்மா பேசுறது? போன குளிர்காலத்துல காய்ச்சல்ல விழுந்தேன் பாருங்க, அதோட மூக்கே செத்துப்போச்சு. சாணி எது, காப்பி எதுன்னுகூடத் தெரியல. சரக்கு நல்லாயிருக்கா இல்லையான்னு தெரியாமதான் உதறிக்கிட்டு நின்னேன். உங்க மூக்கு சொன்னா சரிதான்."

மிலோய்காவின் கையிலிருந்த ஊசி நழுவி விழுந்தது.

அவளையும் அதே குளிர்காலத்தில் அதே காய்ச்சல்தான் படுக்கவைத்தது. அன்றிலிருந்து அவள் எந்தத் தொடையையும் முகர்ந்ததில்லை. முகர்வதுபோல் ஊசியை உயர்த்தி, சொந்தக்காரரின் முகத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்லிவந்தாள்.