மருமகனுக்கு நெட் வரவில்லை

"மூணு நாளா நெட்டு இல்ல. என்னய்யா கம்பெனி நடத்துதீய? எங்க மருமகன் இங்கன இருந்துதான் பெங்களூரு வேலயப் பாக்காவ. அவிய வேல போச்சுன்னா நீயா சோறு போடுவ?"

மாரிராஜ் போனில் போட்ட சத்தத்தில் தொழுவத்து ஆடுகள் மிரண்டன.

"என்ன சொல்லுதாங்க, மாமா?" என்று கேட்டான் பாலகணேஷ்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்னு ஒரு பிள்ள பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கு, மாப்பிள்ள. மனுசன் எவனும் எடுக்கல."

பாலகணேஷ் மனைவியோடு பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்கு வந்தவன். புதூரிலும் நெட் நன்றாக வருவதைப் பார்த்து, லேப்டாப்பை விரித்து ஒன்றரை மாதமாகத் தங்கிவிட்டான். மாப்பிள்ளை இருக்கிற வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கிடா வெட்டாமல் இருக்க முடியுமா? மாரிராஜ் ஒரு வாரமும் தவறவில்லை.

"திங்கக்கிழமை மீட்டிங் இருக்கு, மாமா. நாங்க கிளம்புதோம்."

"பாவிப்பய கம்பெனி! இன்னும் பத்து நாள் இருந்துட்டுப் போவீயன்னு நெனச்சேனே." மாரிராஜுக்குக் குரல் தழுதழுத்தது.

மகளையும் மருமகனையும் கோவில்பட்டியில் பஸ் ஏற்றிவிட்டு வந்தவர், நேராகத் தொழுவத்துக்குப் போனார். மிச்சமிருந்த ஒற்றைக் கிடாவைத் தடவிக்கொடுத்தார்.

"ஏங்க," என்று மனைவி சுப்புத்தாய் போனை நீட்டினாள். "இப்பவாவது நெசமாவே நம்பரப் போட்டுப் பேசுங்க. நான் நெட்டுல சீரியல் பாக்கணும். தழை அறுக்குற தொரட்டியால வயர அறுத்தது நீங்கதான்னு மட்டும் உளறிராதீய."