புதுப் படகுக்கு உடைத்த தேங்காய்

பாதிக் குளம் தாண்டியதும் மைதிலியின் குதிகால் நனைந்தது.

வியர்வை என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வதுதான் அப்போதைக்கு வசதியாக இருந்தது. துடுப்பின் அடுத்த இழுப்பில் தண்ணீர் சளக்கென்று விரல்வரை வந்து திரும்பியது.

எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

காலையில் படகுக்குப் பூசை போட்டார்கள். பூசை போடாமல் புதிதாக எதையும் ஓட்டுகிற பழக்கம் அவர்கள் பனியன் கம்பெனியில் கிடையாது. புது மெஷின் வந்தால் சந்தனம், குங்குமம், பிறகு அதன் இரும்புக் காலிலேயே ஓங்கி ஒரு தேங்காய். பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்ளும் மைதிலிதான் எப்போதும் உடைப்பாள். ஒரே போடில் சரிபாதியாகப் பிளக்கும். கைராசிக்காரி என்று பெயர்.

அந்தக் கைராசியை இன்றைக்குப் பந்தயப் படகின் மூக்கிலும் காட்டிவிட்டாள். அது இரும்பா என்ன? அட்டைப்பெட்டியைவிடக் கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான். தேங்காய் பிளந்தது. கூடவே மயிரிழை போல ஒரு விரிசலும் ஓடியது.

சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் முதலாளியின் மனைவி ஞானாம்பாள் கண்களை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அம்மா என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்வார். மைதிலிக்கு அவர் அக்கா. ஐம்பது வயதில் துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொண்டு, துணைக்கு அவளையும் இழுத்து வந்தவர்.

"என்ற பேரு இதுவரைக்கும் கல்யாணப் பத்திரிகைலதான் கண்ணு வந்திருக்கு. நாளைக்கு மைக்குல சொல்லப் போறாங்க" என்று நேற்றுச் சொன்னபோது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அந்த முகத்திடம் போய் விரிசலைச் சொல்வது எப்படி? அக்கா உடை மாற்றப் போன நேரத்தில், ஏற்றுமதிப் பெட்டிகளுக்கு ஒட்டும் டேப்பை எடுத்து விரிசல்மேல் அழுத்தி ஒட்டினாள். பெல்ஜியம்வரை கப்பலில் போகிற பெட்டிக்கே தாங்குகிறது, ஒரு குளத்துக்குத் தாங்காதா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

தாங்கவில்லை.

சேவூருக்கு அப்பால் போன வருஷம்வரை வெறும் சீமைக்கருவேலங்காடாகக் கிடந்த குளம் அது. அத்திக்கடவுத் திட்டத்துத் தண்ணீர் வந்து நிறைந்ததும் கம்பெனிக்காரர்கள் சேர்ந்து படகு கிளப் ஆரம்பித்தார்கள். இன்றைக்கு முதல் போட்டி. வெட்டாமல் விட்ட முள்மரங்கள் தண்ணீருக்கடியில் அப்படியே நிற்கின்றன. எவ்வளவு ஆழத்தில் என்று யாருக்கும் தெரியாது.

துடுப்புப் படகில் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். மைதிலிக்கு எதிரே தெரிந்தது அக்காவின் முதுகு, ஆடுகிற ஜடை, அதற்கப்பால் தள்ளித் தள்ளிப் போகிற கரை. அவ்வளவுதான்.

அந்த முதுகில் லைஃப் ஜாக்கெட் இல்லை. அவள் மேலும் இல்லை. நீச்சல் சோதனையில் தேறியவர்கள் போட வேண்டியதில்லை என்பது கிளப் வைத்த விதி. இருவரும் தேறியவர்கள். அந்தச் சோதனையை நினைத்ததும் மைதிலிக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது.

சொன்னால் அக்கா பதறித் திரும்புவார். திரும்பினால் இந்தப் படகு கவிழும். சொல்லாவிட்டால் நிறையும். இப்படி ஒரு பயத்தை அவள் பிரசவ வார்டில்கூடப் பட்டதில்லை. கை தன் பாட்டுக்குத் துடுப்பை இழுத்தது.

படகு கனத்தது. பின்னால் வந்த படகு அவர்களைத் தாண்டியது. தன்னால்தான் வேகம் குறைகிறது என்று அக்கா இன்னும் வலித்து இழுத்தார். கணுக்கால் முழுகியபோது மைதிலியால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"அக்கா, நிறுத்துங்க. திரும்பாதீங்க. துடுப்ப மட்டும் தண்ணிமேல படுக்க வெச்சு கெட்டியாப் புடிச்சுக்கங்க."

அக்கா அப்படியே துடுப்பைப் படுக்க வைத்தார். தண்ணீர் அவர் காலையும் எட்டியிருக்க வேண்டும். எதிரே இருந்த முதுகு மரக்கட்டை போல விறைத்தது.

கிளப்பின் காவல் படகு ஒன்று உறுமிக்கொண்டு வந்து, கொஞ்ச தூரத்திலேயே நின்றது. ஓட்டி வந்தவர் தெற்கத்திக்காரர். வந்த அவசரத்தில் அவர் கையில் ஒரே ஒரு ஜாக்கெட்தான் இருந்தது.

"கிட்ட வந்தா அலையில கவுந்துரும்மா! இன்னொரு படகு வருது. ரெண்டு பேருல நீச்சல் சரியாத் தெரியாதவக யாரு?"

அக்கா வாயைத் திறக்கவில்லை. கரையில் மைக் அவர் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

மைதிலி கையைத் தூக்கினாள்.

"எனக்குத்தானுங்க தெரியாது."

ஜாக்கெட் பறந்து வந்து அவள் மடியில் விழுந்தது. படகு ஆடாமல் முன்னால் சாய்ந்து, அதை அக்காவின் தலைவழியே மாட்டி, இடுப்பு வாரை இழுத்துப் பூட்டினாள். அக்கா பின்பக்கமாகக் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உட்றாத கண்ணு" என்றார், மைதிலிக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அப்போதுதான் மைதிலிக்கு மூச்சு வந்தது. தண்ணீர் அவள் இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. தோட்டத்துக் கிணற்றில் குதித்து வளர்ந்தவள். சோதனையன்று நீச்சல்குளத்தில் அவள் இரண்டு முறை நீந்தினாள். இரண்டாவது முறை, அக்காவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு.